நான்கு அங்குல உயரம்

1900-களின் தொடக்கத்தில் ஓர் ஏப்ரல் மாதம். பம்பாயில் ஒரு பெரிய சால். சால் என்றால் மூன்று நான்கு மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். சில அறைகளில் இரண்டு. அந்தச் சாலில் எலிகள் சாக ஆரம்பித்தன. நாற்றம் தாங்கவில்லை. சில நாட்களில் சாவு சட்டென்று நின்றது. செத்ததை எல்லாம் அள்ளி எறிந்தாயிற்று, விட்டது தொல்லை என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருந்தவர்கள் சொறிய ஆரம்பித்தார்கள். அறைக்கு அறை தெள்ளுப்பூச்சி. உள்ளே படுக்க முடியாமல் பலர் பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரம் போவதற்குள் அங்கே ஒருவருக்கு நெறி கட்டியது.

இதைக் கேள்விப்பட்டுப் போனவர் கிளென் லிஸ்டன். இந்திய மருத்துவப் பணியில் கேப்டன். பிளேக் வந்த வீட்டுக்கு அந்நாளில் அரசாங்க மருத்துவர் போனால் கூடவே கார்பாலிக் அமில டின்னும் சுண்ணாம்பு வாளியும் போகும். லிஸ்டன் பூச்சி பிடிக்கப் போனார். குடியிருந்தவர்கள் உடம்பிலிருந்து பிடித்த 30 தெள்ளுப்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவற்றில் 14 மனிதனைக் கடிக்கும் வழக்கமான இனமே இல்லை. எலியின் மேல் வாழ்பவை. பிறகு உடம்பில் பூச்சியே இல்லாத கினிப்பன்றிகளை அந்த அறைகளில் ஓடவிட்டார். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டுகிற மாதிரி எலித்தெள்ளுகள் அவற்றின் மேல் ஏறிக்கொண்டன.

1904-இன் கடைசியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் லிஸ்டன் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக வாசித்தார். பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சபை அது. மருத்துவ உலகம் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த விடை அங்கே வந்து நின்றது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர்கள் அதுவரை சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எட்டு வருடக் கதைக்குப் போவோம்.

1896 செப்டம்பர். துறைமுகத்தை ஒட்டிய மாண்டவி வட்டாரம். கப்பலில் வரும் தானியம் முழுக்க அங்கேதான் இறங்கும். கீழ்த்தளத்தில் கோணி மூட்டைகள் அடுக்கிய கிடங்கு, மேல்தளங்களில் குடித்தனம். அங்கே வைத்தியம் பார்த்துவந்த அக்காசியோ வியேகாஸ் என்ற கோவாக்காரர் ஒரு நோயாளிக்குக் கடும் காய்ச்சலும் தொடை இடுக்கில் கட்டியும் இருப்பதைக் கண்டு, இது பிளேக் என்று சொன்னார். முதலில் யாரும் ஏற்கவில்லை. அடுத்த சில மாதங்களில் சுமார் எட்டு லட்சம் பேர் இருந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஆலைகளில் ஆள் இல்லை, துறைமுகத்தில் கூலிக்கு ஆள் இல்லை. போனவர்களோடு நோயும் ரயிலேறியது.

மாநகராட்சி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு மும்முரமாக ஒரு நகரத்தைக் கழுவியது அதற்கு முன் இந்தியாவில் நடந்ததில்லை. சாக்கடைகளில் தினமும் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ந்தன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்றும் வெயிலும் இறங்கட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். நோயாளியின் பாய், துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தெருவில் எரிந்தன. தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். குடியிருக்க லாயக்கில்லை என்று முடிவு செய்த வீட்டின் கதவில் யு.எச்.எச். என்று மூன்று எழுத்துகளைப் பூசினார்கள். மனிதர் வாழத் தகுதியற்றது என்று அர்த்தம். நோய் கண்ட வீட்டுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வட்டம். அந்தக் காலப் புகைப்படங்களில் சில கதவுகளில் வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

இதற்கெல்லாம் பின்னால் இருந்த எண்ணம் பழையது: அழுக்கிலிருந்து நோய் கிளம்புகிறது. 1894-இலேயே ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். பம்பாய் அதிகாரிகளுக்கும் அது தெரியும். ஆனாலும் பழைய எண்ணம் போகவில்லை, கிருமிக்கு ஏற்றபடி உடையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். கிருமி ஈரத் தரையில் வளர்கிறது, வெறுங்காலில் இருக்கும் சிராய்ப்பு வழியே ஏறுகிறது, வெளிச்சமில்லாத மூலையில் பதுங்குகிறது என்றார்கள். ஆகவே தரையைக் கழுவு, மூலையைத் திற, வீட்டைக் காலி செய்.

அவர்களை முழு மூடர்கள் என்று தள்ளவும் முடியாது. பம்பாய் நாறிக்கொண்டுதான் இருந்தது. விஹார், துளசி, தான்சா என்று 1860 முதல் 1892 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள் அது வெளியேறும் வழியை அதே வேகத்தில் கட்டவில்லை. வந்த தண்ணீர் நிலத்தில் ஊறி நின்றது. இரண்டு சால்களுக்கு நடுவே தோட்டி வந்துபோக விட்ட சந்துதான் சாக்கடை, குப்பைமேடு, கழிவறையின் பின்வாசல் எல்லாம். அதில் ஒருமுறை எட்டிப் பார்த்த எந்தச் சுகாதார அதிகாரிக்கும் வேறு காரணம் தேடத் தோன்றியிருக்காது. காலராவும் டைபாய்டும் அந்தச் சந்தில்தான் இருந்தன, சந்தேகமில்லை. பிளேக் மட்டும் அங்கே இல்லை. இருந்தாலும் அது சாக்கடைத் தண்ணீரில் இல்லை, சாக்கடையில் ஓடிய எலியின் மயிருக்குள் இருந்தது. அமிலமும் கடல்நீரும் பாய்ச்சியதில் அந்த எலிகள்தான் கிளம்பி வீடுகளுக்குள் ஏறியிருக்கும் என்று பின்னால் பலர் சந்தேகப்பட்டார்கள்.

கழுவியது போதாதென்று ஆட்களையும் பிடித்தார்கள். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020-இல் கொரோனாவுக்கு நம் அரசுகள் தூசி தட்டி எடுத்தது அதே சட்டத்தைத்தான். வீடு புகுந்து சோதனை, ரயில் நிலையத்தில் பெண்களையும் நிறுத்தி அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்ப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவது. 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். புனேயில் பிளேக் அதிகாரி வால்டர் ராண்டை 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இந்த அரசியல் கதை பல புத்தகங்களில் இருக்கிறது. நான் எலியின் பின்னால் போகிறேன்.

எலியைப் பற்றி ஜனங்களுக்குத் தெரியாமல் இல்லை. இமயமலை அடிவாரத்தில் குமாவுன், கர்வால் பக்கத்து கிராமத்தார் வீட்டில் எலி செத்து விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு மலைமேல் ஏறிவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வெள்ளைக்கார மருத்துவர்கள் இதை அறிக்கைகளில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைத்ததோடு சரி.

எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர். பாஸ்டர் நிறுவனம் அனுப்பி இந்தியா வந்தவர். நோயாளிகளில் சிலருக்குக் காலில் சின்னதாக ஒரு கொப்புளம் இருப்பதையும், கொப்புளம் இருக்கும் பக்கத்தில்தான் நெறி கட்டுவதையும் கவனித்திருந்தார். பூச்சிக்கடி மாதிரி இருந்தது. 1898 ஜூன் 2 அன்று கராச்சியில், தங்கியிருந்த ஓட்டலிலேயே, ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் பிளேக் கண்ட எலியை விட்டார். உடம்பில் தெள்ளுப்பூச்சிகள் நிறைந்த எலி. அது சாகும் தறுவாயில் இருந்தபோது கம்பிவலைக் கூண்டில் அடைத்த நல்ல எலி ஒன்றை ஜாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. வலைக்கண் வழியே பூச்சி மட்டும்தான் போகலாம். சில நாட்களில் கூண்டு எலியும் நெறி கட்டிச் செத்தது.

எழுதினார், அச்சிலும் வந்தது. யாரும் நம்பவில்லை. அரசு அமைத்த முதல் பிளேக் கமிஷன் அதைப் பொருட்படுத்தவேண்டிய கருத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேறு சிலர் திரும்பச் செய்து பார்த்ததில் சரிவரவில்லை என்றார்கள். சில இடங்களில் தவறான இனத்துப் பூச்சியை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். தெள்ளுப்பூச்சியில் இத்தனை இனம் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிராணியைத்தான் விரும்பும் என்பதெல்லாம் அப்போது இரண்டு மூன்று பூச்சிப் பைத்தியங்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவர் வங்கிக் குடும்பத்து சார்லஸ் ராத்ஸ்சைல்ட். உலகத்துத் தெள்ளுகளைச் சேகரிப்பது அவர் பொழுதுபோக்கு. பம்பாய் எலிகள் மேலிருந்த இனத்தை சூடானில் பிடித்து 1903-இல் பெயர் வைத்தவரும் அவர்தான்: செனோப்சில்லா கியோபிஸ். பிரமிடு கட்டிய கியோப்ஸ் மன்னர் பெயர் ஓர் எள்ளளவு பூச்சிக்குப் போனது. இனி அதை கியோபிஸ் என்றே சொல்கிறேன்.

லிஸ்டனின் கட்டுரைக்குப் பிறகுதான் காற்று திசை மாறியது. 1905-இல் லண்டன் ராயல் சொசைட்டியும் லிஸ்டர் நிறுவனமும் இந்தியா ஆபீசும் சேர்ந்து ஒரு புதுக் கமிஷனை பம்பாய்க்கு அனுப்பின. இடம் பரேல். கவர்னர் மாளிகையாக இருந்த கட்டடம். 1880-களின் தொடக்கத்தில் கவர்னரின் மனைவி அங்கேயே காலராவில் இறந்த பிறகு கவர்னர்கள் அந்தப் பக்கம் தங்குவதை விட்டார்கள். 1899-இல் அதைப் பிளேக் ஆய்வகமாக்கி, தடுப்பூசி கண்ட வால்டெமர் ஹாஃப்கினிடம் கொடுத்தார்கள். ஹாஃப்கின் கதை தனி அத்தியாயம் கேட்கும். இன்றும் அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

மாளிகைத் தோட்டத்தில் கமிஷன் ஆறு சின்ன அறைகள் கட்டியது. இந்த ஆறு அறைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பொதுச் சுகாதார வரலாற்றில் இத்தனை மலிவாக இத்தனை பெரிய கேள்வியைத் தீர்த்த கட்டடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அறைகள் எல்லாம் ஒரே அளவு. வித்தியாசம் கூரையில். இரண்டுக்கு நாட்டு ஓடு, இரண்டுக்கு மங்களூர் ஓடு, இரண்டுக்குத் தகரம். நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வேய்வதில் எலி குடித்தனம் நடத்தத் தாராளமாக இடம் உண்டு என்பது ஓட்டு வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். மங்களூர் ஓட்டில் சந்து குறைவு, ஆனாலும் உண்டு. தகரத்தில் எலிக்கு வேலையில்லை. அறைக்குள் எலி நுழைய முடியாதபடி கம்பிவலை அடித்தார்கள். ஆக எலி கூரையில் வாழலாம், கீழே இறங்க முடியாது. அதன் மேலிருந்து தெள்ளுப்பூச்சி மட்டும் உதிர்ந்து தரைக்கு வரலாம். தரையில் கினிப்பன்றிகள். கூரைதான் பூச்சியின் எண்ணிக்கையை முடிவு செய்தது. பூச்சியின் எண்ணிக்கைதான் எத்தனை கினிப்பன்றி சாகும் என்பதை முடிவு செய்தது.

அடுத்து அவர்கள் பூச்சியே இல்லாத இடத்தில் நோய் கண்ட கினிப்பன்றிகளையும் நல்ல கினிப்பன்றிகளையும் ஒன்றாக அடைத்தார்கள். நெருக்கமாக, ஒன்றின் மலமூத்திரம் மற்றதன் தீனியில் கலக்கும்படி. நோய்ப்பட்ட தாயிடம் குட்டிகள் பால் குடித்தன. எதுவும் ஆகவில்லை. நோய்ப்பட்டவை செத்தன, மற்றவை கொழுத்தன. பூச்சியை விட்டதும், எவ்வளவு துப்புரவாக வைத்திருந்தாலும், வரிசையாகச் செத்தன. அழுக்கையும் நோயையும் இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது.

தரை மேல் இருந்த பழியையும் சோதித்தார்கள். சாணி மெழுகிய தரையிலும் சுண்ணாம்புத் தரையிலும் பிளேக் கிருமியைக் கொட்டிவிட்டு எத்தனை நேரம் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தார்கள். சாணித் தரையில் இரண்டு நாள் தாங்கவில்லை, சுண்ணாம்புத் தரையில் ஒரு நாள் தாங்கவில்லை. எட்டு வருடமாக ஏழைகளின் சாணித் தரையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு அளவெடுக்கும் வேலை. தெள்ளு எவ்வளவு உயரம் தாவும்? நோய்த் தெள்ளு நிறைந்த அறையில் ஒரு ஜோடி கினிப்பன்றியைத் தரையில் ஓடவிட்டார்கள். ஒரு ஜோடியைத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் கூண்டில் வைத்தார்கள். ஒரு ஜோடியை இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். முதல் இரண்டு ஜோடிக்கும் நோய் வந்தது. தொங்கியவை தப்பித்தன. காற்றில் பரவும் நோய் என்றால் இரண்டடி உயரம் ஒரு தடையா? அடுத்து குரங்குகள். கூண்டைச் சுற்றி ஆறு அங்குல அகலத்துக்கு ஈப்பசை தடவிய தாள் விரித்தார்கள். பசை வட்டத்துக்குள் இருந்த குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டம் இல்லாத குரங்கு செத்தது. பசையில் பார்த்தால் தெள்ளுகள் ஒட்டிக் கிடந்தன. கமிஷன் கணக்கில் அந்தப் பூச்சி தாவிய உயரம் சுமார் நான்கு அங்குலம்.

நான்கு அங்குலம் என்பது நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்குக் கணுக்கால். கணுக்காலில் கடித்தால் கிருமி நிணநீர் வழியே மேலேறித் தொடை இடுக்கில்தான் முதலில் தங்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு அங்கேயே நெறி கட்டியதன் காரணம் இதுதான். வெறுங்காலில் நடந்து, தரையில் பாய் விரித்துப் படுப்பவனுக்கு நான்கு அங்குலம் என்பது உடம்பு முழுவதும். கட்டிலில் படுத்து பூட்ஸ் போட்டு நடந்த துரைமாருக்கு பிளேக் அபூர்வமாகத்தான் வந்தது. அது வெள்ளைக்காரன் ரத்தத்தின் பெருமை என்றுகூட அன்று சிலர் நம்பினார்கள். அவர்கள் வீட்டில் கூரை எலியும் தானிய மூட்டையும் இல்லை, காலுக்கு மேலே தோல் இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

பரேலில் இன்னொரு பெரிய வேலையும் நடந்தது. நகரம் முழுவதும் ஆள் விட்டு எலி பிடித்தார்கள். ஒவ்வொரு எலிக்கும் எந்தத் தெரு, எந்த வீடு என்று சீட்டு. ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். மே மாதப் பரேலில், குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் எலி அறுக்கும் உதவியாளர்களை நினைத்துப் பார்க்கிறேன். அறிக்கைகளில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் அறுத்ததிலிருந்து ஒரு வரிசை துலங்கியது. பம்பாயில் இரண்டு வகை எலி. சாக்கடையில் வாழும் பெரிய பழுப்பெலி, வீட்டுக் கூரையிலும் மூட்டைச் சந்திலும் வாழும் கருப்பெலி. நோய் முதலில் பழுப்பெலியில் ஏறும். சுமார் பத்து நாள் கழித்துக் கருப்பெலியில். அதற்கும் பத்துப் பதினான்கு நாள் கழித்து மனிதச் சாவு. எலி செத்துச் சூடு ஆறியதும் பூச்சி இறங்கிவிடும். வேறு எலி கிடைக்காமல் மூன்று நாள் போலப் பசியோடு திரிந்து மனிதனைக் கடிக்கும். கடித்து மூன்று நாளில் காய்ச்சல். ஐந்தாறு நாளில் சாவு. கூட்டிப் பாருங்கள். முதலில் சொன்ன சாலில் எலிச்சாவு நின்ற பிறகு சொறியும், சொறிந்த பிறகு நெறியும் வந்தது இந்தக் கணக்குப்படிதான்.

பூச்சி எப்படிக் கிருமியை ஏற்றுகிறது என்பது மட்டும் பாக்கி இருந்தது. 1914-இல் லண்டனில் பேக்கட், மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். தெள்ளின் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் முட்கள் கொண்ட ஒரு வாயில் இருக்கிறது. பிளேக் கிருமி அங்கே பெருகிப் பாகுபோல் அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் வயிற்றுக்கு இறங்காது. பூச்சிக்குப் பசி. கடிக்கிறது, உறிஞ்சுகிறது, ரத்தம் அடைப்பில் முட்டிக் கிருமியையும் அள்ளிக்கொண்டு கடிவாய்க்கே திரும்புகிறது. பசி தீராததால் மறுபடி கடிக்கிறது. ஊரைக் கொல்கிற பூச்சி உண்மையில் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருக்கும் பூச்சி. வெயில் ஏறினால் அந்த அடைப்பு கரைந்துவிடுகிறது. பம்பாயில் பிளேக் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தலைவிரித்தாடி, கோடையில் அடங்கியதற்கு இது ஒரு காரணம். மாநகராட்சியோ ஒவ்வொரு மே மாதமும் தன் சுண்ணாம்புக்குக் கிடைத்த வெற்றி என்று கணக்கு எழுதியிருக்கும்.

இதற்குள் நகரம் தன்னை இடித்துக் கட்டத் தொடங்கிவிட்டிருந்தது. 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. நாக்பாடா போன்ற நெரிசல் பகுதிகளை இடித்தார்கள், கடற்காற்று உள்ளே வரட்டும் என்று சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பிரின்சஸ் ஸ்ட்ரீட் என அகலச் சாலைகள் வெட்டினார்கள். டிரஸ்டின் தலைவராக இருந்த 'ஓர்' என்ற பெயருடைய அதிகாரி 1912-இல் பம்பாய் வீடுகளின் வெளிச்சத்தையும் காற்றையும் பற்றியே பேசித் திரிந்தார். டிரஸ்ட் வைத்த விதி 63½ பாகை. எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து உங்கள் அறைச் சுவரின் அடிக்கு ஒரு கோடு இழுத்தால் அது தரையோடு 63½ பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால், எதிர்ச்சுவர் 40 அடி உயரம் என்றால் நடுவில் 20 அடி வெளி வேண்டும். பிளேக்குக்கும் இந்த 63½ பாகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பூச்சிக்கு வானம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. காசநோய்க்கு அது நல்ல விதி. தப்பான காரணத்துக்காக உருப்படியான ஒன்றைச் செய்தார்கள்.

யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டால்தான் சங்கடம். முதல் பத்தாண்டுகளில் டிரஸ்ட் இடித்த அறைகள் கட்டிய அறைகளைவிட அதிகம். வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துச் சந்தில் போய் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள். வேலை செய்யும் துறைமுகத்தையும் ஆலையையும் விட்டு அவர்கள் எங்கே போவார்கள்? வடக்கே தாதர், மாட்டுங்காவில் மரமும் தோட்டமும் வட்டப் பூங்காவுமாக டிரஸ்ட் அமைத்த புறநகருக்கு, மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் போனார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தஞ்சாவூர், பாலக்காடு பக்கத்திலிருந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறியவர்கள். மாட்டுங்காவில் காலையில் டிகாக்‌ஷன் வாசனைக்கு நடுவே நடப்பவருக்கு, அந்தத் தெருவின் அகலத்துக்குப் பின்னால் மாண்டவி எலி இருப்பது நினைவுக்கு வரப் போவதில்லை.

பிளேக் 1896-க்குப் பிறகு இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1907-இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல், பஞ்சாபில்தான் அதிகம். சென்னைப் பட்டணம்? துறைமுகம் உண்டு, எலி உண்டு, தானியக் கிடங்கு உண்டு, கூவம் உண்டு. பம்பாயிலிருந்து ரயிலும் உண்டு. நோய் பெரிதாகப் பிடிக்கவே இல்லை. நோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டுக் கொடுத்துச் சில நாட்கள் கண்காணித்த தங்கள் ஏற்பாட்டின் பலன் அது என்று அதிகாரிகள் நம்பினார்கள். நம்ப ஆசையாகத்தானே இருக்கும்.

உண்மையான காரணத்தைக் கண்டவர் கொழும்பில் நகராட்சி நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட். 1913-இல், கொழும்புக்குப் பிளேக் வருவதற்குச் சற்று முன்னால், அவர் ஊர் எலிகளைச் சீவிப் பூச்சி எடுத்துப் பார்த்தார். கியோபிஸ் அல்ல. ராத்ஸ்சைல்ட் 1911-இல்தான் பெயர் வைத்திருந்த அதன் ஒன்றுவிட்ட சகோதரி, ஆஸ்தியா. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நுண்ணோக்கியில் பெண் பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கும் விந்துப்பையின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆஸ்தியாவுக்குக் குடல் அடைப்பு எளிதில் வராது, மனிதனைக் கடிப்பதிலும் அவ்வளவு ஆர்வமில்லை. சென்னை எலிகளின் மேலும் ஆஸ்தியாதான் மிகுதி என்று பின்வந்த கணக்கெடுப்புகள் காட்டின. 1914-இல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது அது பெரும்பாலும் தானியக் கிடங்குகள் நிறைந்த புறக்கோட்டைப் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மூட்டைகளோடு வந்திறங்கிய கியோபிஸ் குடியேறியிருந்ததும் அங்கேதான்.

கடற்கரையைவிட்டு மேட்டுக்குப் போனால் கதை மாறுகிறது. மைசூரை ஒட்டிய மேட்டுநிலம், பஞ்சு மூட்டை, தானிய மூட்டை, இதமான குளிர், எலியின் மேல் கியோபிஸ்: கோயம்புத்தூர் மீண்டும் மீண்டும் அடிபட்டது. அங்கே பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே பல கோயில்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் வீட்டில் எலி விழுந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஊருக்கு வெளியே தோட்டங்காடுகளில் ஓலைக் குடிசை போட்டுத் தங்கினார்கள். சில வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள். அதற்குள் பூட்டிய வீட்டில் எலியும் இல்லாமல் ஆளும் இல்லாமல் தெள்ளுகள் பட்டினியில் காய்ந்து போயிருக்கும்.